நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றபடி நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலம் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், வேறு விதமாக நினைக்க மனசு வரவில்லை. போனில் நீ அப்புறம்பா என்று கேட்டதும் எனக்கு எல்லாம் மறந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

அத்தை வீட்டைக் காலி செய்துவிட்டாள். வியாழக்கிழமை அவள் மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். எதிர்வீடு என்று பேர்தான், ஆறுவழிச் சாலை வந்தபிறகு அங்கே போக யூ டர்ன் வரை மூன்று கிலோமீட்டர் போய் மூன்று கிலோமீட்டர் திரும்பி வரவேண்டும். உன் அம்மா போனபிறகு தினமும் சாயங்காலம் அவள்தான் டீ போட்டுவிட்டு, தம்பி வாடா என்று கூப்பிடுவாள், நான் செருப்பை மாட்டிக்கொண்டு நாலே எட்டில் போய்விடுவேன். சாலைக்கு நடுவே நடுச்சுவர் எழும்பியபிறகு அவள் அவள் மாடியில், நான் நம் மாடியில், பார்த்துக்கொண்டே போனில் பேசினோம். லாரி இரைச்சலில் பாதி கேட்காது, இரண்டு பேரும் சும்மா தலையாட்டிக்கொள்வோம்.

நடுச்சுவரில் ஏன் வழி விடவில்லை என்று போன மாதம் கேட்டாய், கம்பெனிக்காரன் வேலை என்றேன். அது பொய் கண்ணு. அரசும் கம்பெனியும் சேர்ந்து ரோடு போடப்போகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று கூட்டம் போட்டார்கள், பழைய ஓவர்சியர் என்று என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். ஓய்வு பெற்றுப் பதினொரு வருஷம் கழித்து ஒருவர் என்னிடம் கருத்துக் கேட்கிறார், எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் தெருவுக்கு நேரே நடுச்சுவரில் வழி விடலாமா என்றார்கள். கூடவே கூடாது, விபத்து நடக்கும் என்று எழுந்து நின்று முழங்கினேன். கைதட்டினார்கள். அத்தை வீட்டுக்கு எப்படிப் போவேன் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

பிறகு நடைமேம்பாலம் கேட்டு அலையாய் அலைந்தேன். ஒப்பந்தத்தில் இல்லாததை நாங்கள் கட்டமுடியாது, அரசைக் கேளுங்கள் என்றது கம்பெனி. முப்பது வருஷத்துக்கு ரோடு கம்பெனி பொறுப்பு, அதற்கப்புறம்தான் எங்கள் கைக்கு வரும் என்றது அரசு அலுவலகம். அப்போது எனக்கு நூறு தாண்டிவிடும் என்றேன். எழுத்தர் சிரிக்காமல் பழைய கூட்டக் குறிப்பை எடுத்துக் காட்டினார், அதில் என் கையெழுத்து. அன்று சாயங்காலமே அத்தையிடம் ஒப்புக்கொண்டேன். "தெரியும்டா. நானும் அன்னைக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தேன். நீ நல்லாத்தான் பேசினே" என்றாள். ஒரு வருஷமாக அவள் வாயைத் திறக்கவில்லை பார்.

வியாழக்கிழமை கிளம்புகிறேன் என்று போன் செய்தாள். இரு, வந்துவிடுகிறேன் என்று ஆட்டோ பிடித்தேன். யூ டர்னில் நெரிசல். நான் போய்ச் சேர்வதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள், வாசலில் பூட்டு. அங்கே நின்று நம் வீட்டைப் பார்த்தேன். மாடியில் யாருமில்லை. எவ்வளவு தனியாக இருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உன்னை வா என்று நான் கேட்டதே இல்லை, இப்போது கேட்கிறேன். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க என் ஆசீர்வாதம். ஒன்று மறக்காதே, டாக்ஸிக்காரன் அந்தப் பக்கமே இறக்கிவிட்டுச் சுவரைத் தாண்டிப் போகச் சொல்வான், கேட்காதே. யூ டர்ன் போட்டே வா. எவ்வளவு நேரமானாலும் வாசலில் நிற்கிறேன்.

உன் அப்பா