முதல் பயனாளி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அமைச்சரான பிறகு என் கையால் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. மற்றதெல்லாம் செயலாளர் எழுதியது, கோபித்துக்கொள்ளாதே.

இருபதாம் தேதி என் அறக்கட்டளை ஐந்நூறு பேருக்குச் செயற்கைக் கை கொடுக்கிறது. மேடையில் முதல் கையை உனக்கு நானே மாட்டிவிட வேண்டும். உன்னுடையதைப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன், மேடைக்கு வரும்போது எடுத்து வா. கூடவே என் வாழ்க்கைக் கதைப் புத்தகமும் இருக்கிறது. ஏழாம் பக்கம் முழுக்க நீதான்! வீட்டு மோட்டார் பெல்ட்டில் உன் கை சிக்கிய அன்றுதான் இந்தத் தொண்டு மனதில் முளைத்தது என்று எழுதியிருக்கிறேன். படிக்கிறவர்கள் அழுகிறார்கள். வந்துவிடு அக்கா.

உன் செல்லத் தம்பி


பிப்ரவரி 7

தம்பிக்கு,

முழங்கால் பரவாயில்லை. ஏழாம் பக்கம் படித்தேன், அருவருப்பாக இருந்தது.

எந்த மோட்டார்டா? அப்போது நாம் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தோம். அது ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய் என்று உனக்குத் தெரியாதா?

உன் டப்பா மூடித் தொழிற்சாலையில் நான் ஓட்டிய இரண்டாம் நம்பர் பிரஸ் மெஷினுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும், அதனால் கை உள்ளே மாட்ட வழியே இல்லை. மூடி வேகமாக விழவில்லை என்று நீதான் ஒரு பட்டனில் தகரத்துண்டைச் செருகி டேப் சுற்றினாய். "ஒரு கை அழுத்தட்டும், இன்னொரு கை தகட்டைத் தள்ளட்டும்க்கா"ன்னு சிரித்தாய். நாலாம் நாள் என் கை போனது.

வீட்டில் நடந்தது என்று நான் சொன்னதால் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வரவில்லை. தகரத்துண்டும் அப்படியே இருந்தது. அடுத்த மாதம் அதே மெஷினில், என் இடத்துக்கு வந்த நெட்டச்சியின் கையும் போனது. அவள் கவனக்குறைவு என்று உன் ஆபீஸ் எழுதிவிட்டது. பதினெட்டு வருஷமாகத் தொழிலாளர் கோர்ட்டுக்கு நடக்கிறாள்.

நீ அனுப்பிய கையின் மணிக்கட்டில் உன் படம் வேறு, பல்லைக் காட்டிக்கொண்டு. தூ!

மேடைக்கு வருகிறேன். பட்டனைக் கட்டியது நான்தான் என்று நீ மைக்கில் சொல்ல வேண்டும். நெட்டச்சிக்கு ஒரு விடிவு பிறக்கும்.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

உன் கடிதம் பார்த்து மனசே சரியில்லை. மூன்று மாதத்தில் தேர்தல். இப்போது போய்ப் பழசைக் கிளறலாமா? உன் பிள்ளைகள் படித்தது அந்தத் தொழிற்சாலையால்தானே?

இன்னொன்று. மோட்டார் என்று சொன்னது யார்? டாக்டர் கேட்டதும் நீயாகத்தான் சொன்னாய். நான் சொல்லச் சொன்னேனா? இப்போது மாற்றிப் பேசினால் ஊர் உன்னைத்தான் காறித் துப்பும்.

பத்தொன்பதாம் தேதி செயலாளர் காரோடு வருவார். வெளிர் நிறத்தில் உடுத்திக்கொள், டிவியில் நன்றாகத் தெரியும்.

தம்பி


பிப்ரவரி 16

தம்பிக்கு,

நீ சொன்னது சரிதான். நீ சொல்லச் சொல்லவில்லை. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்தாய், அவ்வளவுதான். உன் பிழைப்பு போய்விடுமே என்று நானாக வாயைத் திறந்தேன். நெட்டச்சியின் கை போனதில் எனக்கும் பங்கு உண்டு. உன்னை நினைத்தால் வருகிற அருவருப்பு என்னை நினைத்தாலும் வருகிறது.

நேற்று அவளோடு கோர்ட்டுக்குப் போய் நடந்ததெல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வாசலில் அவள், "எத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க"ன்னு மட்டும் கேட்டாள். ஊர் துப்பினால் துப்பட்டும்.

காரை அனுப்பாதே. பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு அது உதவாது, நீ அனுப்பியது வலது கை. என் வலது கை நன்றாக இருக்கிறது, அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன். போனது இடது.

மேடை மேடையாக ஏறி அந்தக் கைக்காக அழுதாயே, எந்தக் கை என்று தெரியாமலா அழுதாய்? யாரையும் கேட்டிருக்கக்கூட வேண்டாம். நீ கட்டியது இடது கைப் பட்டனை.

இப்படிக்கு,
இரண்டாம் பிரஸ் மெஷின் ஆபரேட்டர்