மானிட்டர் வாங்கிய மாதம்

ஜூன் 3, செவ்வாய்

ஷூ கம்பெனிக்கு எடுத்துக் கொடுத்த வீடியோ திரும்பி வந்துவிட்டது. குவாலிட்டி மேனேஜர் ரஃபி அகமது கூப்பிட்டுக் காட்டினார்.

"இன்னா சார் இது? ஷூவுல தையலே தெரியல. பின்னால காலண்டர்ல தேதி வரைக்கும் தெரியுது. பையர் காலண்டரா வாங்கப் போறான்?"

"லென்ஸ் கோளாறு சார்" என்றேன். இரண்டு வருடமாக எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறேன். கல்யாண வீட்டில் மங்கலாக இருந்தால் சினிமா மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். இங்கே எடுபடவில்லை. பதினாறாம் தேதி மறுபடி எடுக்க வேண்டும். அதுவும் சரியில்லை என்றால் சென்னையிலிருந்து ஆட்கள் வருவார்களாம். எனக்கு இது இருபத்திரண்டு வருடத் தொழில்!

ஜூன் 5, வியாழன்

மானிட்டர் வாங்கிவிட்டேன். ஏழு அங்குலம். கேமராவின் தலையில் மாட்டினால் எடுப்பதெல்லாம் பெரிதாகத் தெரியும். இனி கண்ணைச் சுருக்க வேண்டாம்.

"இனிமே புரொஃபஷனல் லெவல்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"இதுவரைக்கும் இன்னா லெவல்?" என்றாள் சங்கீதா.

ஜூன் 8, ஞாயிறு

வாலாஜாபேட்டையில் கல்யாணம். மானிட்டரைப் பார்க்கவே ஒரு கூட்டம். பெண்ணின் அத்தை அதைத் திருப்பச் சொல்லி, அதில் பார்த்தே தலைப்பூவைச் சரிசெய்துகொண்டார். நானும் திருப்பினேன் – பெருமை.

வெளியே நல்ல வெயில். திரையில் ஒன்றும் தெரியவில்லை. மானிட்டரின் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினேன். எல்லாம் பளிச்சென்று இருந்ததால் கேமராவில் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது மானிட்டர் மட்டும்தான். மாப்பிள்ளை அழைப்பில் இருட்டுக்குள் வேட்டிகள் மட்டும் நடந்து வருகின்றன.

ஜூன் 11, புதன்

அம்பரீன் வந்தாள். முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் எடுப்பது அவள்தான். ஒன்பது வருடமாக என்னோடு வேலை செய்கிறாள். மானிட்டரில் ஒரு வசதி இருக்கிறதாம்: எது ஃபோகஸில் இருக்கிறதோ அதன் ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடும். சங்கீதாவின் தோல் செருப்பை வைத்து ஒத்திகை பார்த்தோம்.

"செவப்பு வந்துச்சா ணா?"

"வந்துடுச்சு. ஆனா தையல் மங்கலாத்தான் இருக்கு. மானிட்டரே டூப்ளிகேட்டு போல."

எட்டிப் பார்த்தாள். "எனக்கு நூல் நூலா தெரியுதே." என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "வலது கண்ண மூடிட்டுப் பாருங்க ணா" என்றாள்.

மூடினேன். நூல் நூலா தெரிஞ்சுது.

என் கண்ணா? இதை வெச்சுதானே சோறு திங்கறேன். போச்சா?

ஜூன் 13, வெள்ளி

வேலூரில் கண் ஆஸ்பத்திரி. வலது கண்ணில் புரை. நாற்பத்தெட்டு வயதில்!

"கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் கெட்டுப்போச்சு, மாத்திட்டா சரியாயிடும்" என்றார் டாக்டரம்மா.

ஆக, லென்ஸ் கோளாறு என்று நான் சொன்னது பொய்யே இல்லை. எந்த லென்ஸ் என்றுதான் தெரியவில்லை. அங்கேயே சிரித்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரரிடம் கண்ணில் மருந்து விட்டார்கள் என்றேன். ஆபரேஷன் ஜூலை இருபத்திரண்டு.

ஜூன் 16, திங்கள்

ரஃபி சாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். கேமராவை அம்பரீனிடம் கொடுத்து, அவரை மானிட்டர் முன்னால் உட்காரவைத்தேன். சிவப்புக் கோடு ஷூவின் ஓரமாக ஓடியது. திடீரென்று "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினார். மறுபடியும் என் தப்போ என்று எட்டிப் பார்த்தேன்.

ஷூவில் ஒரு தையல் விட்டுப்போயிருந்ததாம். போன தடவை எடுத்ததும் இதே ஜோடிதான். உடனே வேறு ஜோடி வந்தது.

"போன வீடியோல இது தெரியவே இல்லையே" என்றார். குறையை மறைத்த என் புரைக்கு நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. வீடியோ ஓகே.

ஜூலை 13, ஞாயிறு

கலவையில் நிச்சயதார்த்தம். அம்பரீன் எடுத்தாள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெண்ணின் அம்மா என்னிடம் வந்தார்.

"லைட்டுக்காரரே, கேமரா மேடம் இன்னும் சாப்பிடல போல. மொதல் பந்திக்கு அவங்கள அனுப்புங்க."

அனுப்பினேன். இரண்டாவது பந்தியில் நான் சாப்பிட்டேன். வடை மிச்சமிருந்தது.