கதவுக்குக் கீழே இரண்டு கால்கள்

கொக்குவில்
03.02.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் பெறாமகள் சாருஜா எழுதுவது. முழங்கால் நோ இப்போது எப்படி? ஃபோன் எடுக்காமல் இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். ஃபோனில் இரண்டு தரம் "ஓம் பிள்ளை" என்றுவிட்டு வித்தியா அக்காவிடம் கொடுத்துவிடுவீர்கள். இது அக்காவின் காதில் விழக்கூடாத விஷயம்.

நானும் என்னோடு படித்த ஜெயசுதனும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்து விற்கிறோம். விளையாடுகிறவரை ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவோம். அவர் அலுமாரியைக் கிளறி, சுவரைத் தட்டி, புதிர்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து வெளியே வரவேண்டும். இடையில் பயமும் காட்டுவோம். எங்கெங்கோ நாடுகளில் எல்லாம் விளையாடுகிறார்கள். போன கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டத்தில், காசு கொடுத்து ஏன் பயப்படுகிறார்கள் என்று என்னிடம் கேட்டார்கள். அறைக்குள் இருக்கிற சின்னச் சாமானுக்கும் ஓர் அர்த்தம் இருக்கும், பயந்து பயந்து தேடினாலும் கடைசியில் கதவு திறக்கும், வாழ்க்கையில் அப்படி இல்லையே என்றேன். கை தட்டினார்கள். எனக்கு மேடையில் நிற்கக் கூச்சமாக இருந்தது.

ஏனென்றால் அது உங்களுடைய அறை, பெரியம்மா. ஆணி அடித்த யன்னல், பச்சைச் சுவர், மூலையில் நெல்லு மூடை. வித்தியா அக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று உங்களைப் பூட்டிவைத்த அறை. அப்போது உங்களுக்கு மனம் சுகமில்லை. பெண்ணின் தாயை அவர்கள் இப்படிக் கண்டால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். கதவின் திறப்பை அம்மா என்னிடம்தான் தந்தா. எனக்கு ஒன்பது வயது. விளையாடப் போன இடத்தில் உங்களை மறந்துவிட்டேன்.

உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை எடுத்து விற்றுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. நீங்கள் சொன்னால் நிறுத்திவிடுகிறேன்.

அன்பு மறவாத,
சாருஜா


உடுப்பிட்டி
12.02.2025

அன்பான சாருஜாவுக்கு,

பெரியம்மா எழுதிக்கொள்வது. முழங்கால் தன் பாட்டில் நோகிறது. காலமை பஸ் ஏறினால் பத்துமணித் தேத்தண்ணிக்கு இங்கே நிற்கலாம். நீ முத்திரை ஒட்டி அனுப்புகிறாய். சரி, நானும் ஒட்டுகிறேன்.

வித்தியாவின் மகள் ஆரபியைக் கொண்டு உன் விளையாட்டை ஃபோனில் போடுவித்தேன். வெளியே வர மூன்று நாள் பிடித்தது. கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்திருக்கிறாய். ஆனால் யன்னலில் நாலு ஆணி வைத்திருக்கிறாய். ஆறு. எனக்கு எண்ண நேரம் இருந்தது.

மேடையில் நீ சொன்னது அரைவாசிதான். விளையாட்டில் அந்த அறையைக் கட்டினவளுக்கு, உள்ளே இருக்கிறவர் எப்படியும் வெளியே வரவேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. விளையாடுகிறவர்களுக்கு அது தெரியும். அதுதான் பயமும் ருசிக்கிறது. என்னைப் பூட்டினவர்களுக்கு அந்த எண்ணம் இருக்கவில்லை.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். உன் விளையாட்டில் கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிகிறது. அதில் இரண்டு கால்கள் வந்து நிற்கின்றன. தட்டினால் போய்விடுகின்றன. ஆரபி அந்த இடத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. அந்தக் கால்களை நான் அன்று மூன்று தரம் கண்டேன்.

பின்னேரம் கதவைத் திறந்தபோது சொன்னேனே: "தண்ணி விடாய்க்குது, ஒருத்தரும் தரேல்லை. ஆரோ வந்து வந்து நிண்டிட்டுப் போகினம்." நீ உன் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நான் குடுத்தனான்" என்றாய். உன் அம்மா ஆஸ்பத்திரியில் டொக்டரிடமும் அதையே சொன்னா. இல்லாத கால்களைக் காண்கிறேன் என்று எனக்கு மருந்துக் குளிசையைக் கூட்டினார்கள். நானும் அதை நம்பிவிட்டேன், பிள்ளை. பதினைந்து வருடம் என் கண்ணையே நான் நம்பவில்லை.

அன்று தண்ணீர் கொடுத்தேன் என்றாய். இன்று மறந்துவிட்டேன் என்கிறாய். மறந்துபோன பிள்ளைக்கு அந்தக் கால்கள் எப்படித் தெரியும்? நடந்ததை எழுது.

பெரியம்மா,
பூரணம்


கொக்குவில்
18.02.2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் மறக்கவில்லை. அம்மா திறப்பையும் ஒரு செம்பு தண்ணீரையும் தந்து, "பின்பக்கத்தாலை போய்க் குடுத்திட்டுப் பூட்டிப்போடு" என்றா. கதவடிக்கு வந்தேன். நீங்கள் தட்டினீர்கள். திறந்தால் நீங்கள் மாப்பிள்ளை வீட்டார் இருந்த முன்வீட்டுக்கு ஓடிவிடுவீர்கள், அக்காவின் கலியாணம் என்னால் குழம்பும் என்று பயந்தேன். உங்களுக்கும் பயந்தேன். திரும்பிப் போய், பிறகும் வந்தேன். மூன்றாம் தரம் நீங்கள் தட்டவில்லை. கதவுக்குக் கீழே உங்கள் விரல்கள் தெரிந்தன. தண்ணீரை வாழையடியில் ஊற்றிவிட்டு வெறுஞ்செம்பை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா என் தலையைத் தடவி, கெட்டிக்காரி என்றா.

ஒன்பது வயதில் செய்தது பயத்தில். அதற்குப் பிறகு வாயைத் திறக்காமல் இருந்ததற்கு என்னிடம் ஒரு சாட்டும் இல்லை. உங்களுக்குக் குளிசை கூட்டினதும் எனக்குத் தெரியும், ஏன் கூட்டினார்கள் என்பதும் தெரியும். இப்போது அந்தக் கால்கள்தான் விளையாட்டில் மிகத் திறமான இடம் என்று ஆட்கள் எழுதுகிறார்கள். நான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிப் பதில் போட்டிருக்கிறேன். அவை என் கால்கள் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

எந்த முகத்தோடு உங்கள் முன்னால் வருவது என்று தெரியவில்லை. ஆனாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். வித்தியா அக்காவை வீட்டில் நிற்கச் சொல்லுங்கள். இதை அவர்களுக்கு முன்னால் சொல்லவேண்டும்.

சாருஜா


உடுப்பிட்டி
27.02.2025

அன்பான சாருஜாவுக்கு,

சொன்னபடி வந்தாய். ஒன்றையும் விழுங்காமல் சொல்லி முடித்தாய். சின்னப்பிள்ளையில் நடந்ததை இப்போது ஏன் கிண்டுகிறாய் என்று உன் அம்மா தேத்தண்ணியையும் குடியாமல் எழும்பினா. இன்னும் எனக்கு ஃபோன் எடுக்கவில்லை. நீ அவவை நெருக்காதே. திறப்பை உன் கையில் தந்தது தான்தான் என்று அவவுக்கும் விளங்கியிருக்கும்.

விளையாட்டை எடுக்காதே, அது இருக்கட்டும். அதிலாவது என்னை வெளியே வர விட்டிருக்கிறாய்.

உன்னில் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். எழுத வரவில்லை. உன் மனம் ஆறட்டும் என்று ஒரு பொய்யை எழுதினால், இவ்வளவு பாடுபட்டுச் சொன்ன உண்மைக்கு மதிப்பில்லாமல் போகும். கொஞ்ச நாளைக்கு வராதே. எனக்கு மனம் வரும்போது நானே கூப்பிடுவேன். சாப்பாட்டை விட்டுவிட்டு அழுதுகொண்டு இருக்காதே.

நீங்கள் போனபிறகு வித்தியா வீட்டு வேலையில் இறங்கிவிட்டாள். இரண்டு நாள் சமைத்தாள், உடுப்பு மடித்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தநாள் குளிசையைத் தந்துவிட்டு, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். மெல்லமாகக் கேட்டாள்: "அம்மா, வேறை என்னென்ன சொல்லி நாங்கள் நம்பாமல் விட்டனாங்கள்?"

நிறைய இருக்கிறது, பிள்ளை. இதுவரை இரண்டு சொல்லியிருக்கிறேன். இன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு எனக்கு முன்னால் வந்து இருக்கிறாள். அவளைக் காக்கவைக்க மனமில்லை. இதோடு நிறுத்துகிறேன்.

பெரியம்மா,
பூரணம்