ஏலத்தில் போகாதவருக்கு

பந்துவீச்சாளர் அவர்களுக்கு,

"அன்புள்ள" என்று எழுதக் கை வரவில்லை.

கிரிக்கெட் ஏலம் நடந்த அன்று உங்கள் எடமலைப்பட்டி புதூர் வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் பெயரை வாசித்தபோது எந்த அணியும் கேட்கவில்லை. உங்கள் அம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள்: "கல்யாணத்துக்கு முன்னாடி எம்புள்ள நல்லாத்தானே போட்டுட்டு இருந்தான். இவ காலடி வச்ச நேரம்." நீங்கள் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் அம்மாவை மன்னித்துவிடுவேன். பயந்துபோனவர்கள் யார் மேலாவது பழி போடத்தான் செய்வார்கள்.

பிறகு ஓர் அணியில் யாருக்கோ முதுகு பிடித்துக்கொள்ள, மாற்று ஆளாக உங்களைக் கூப்பிட்டார்கள். வருஷக்கணக்கில் வலைப்பயிற்சியில் மட்டுமே பந்து போட்டவருக்கு வந்த அழைப்பு. நான் சந்தோஷத்தில் அழுதேன். நீங்களோ என்னை மணப்பாறையில் அப்பா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டு, "சீசன் முடியிற வரைக்கும் அங்கயே இரு. மேட்ச்சும் பாக்காத, ப்ளீஸ்" என்றீர்கள். இன்ஜினியரிங் படித்தவர். அந்த "ப்ளீஸ்"தான் இன்னும் எரிகிறது.

நேற்று போனில், "பாத்தியா, நாலு மேட்ச்ல ஒம்பது விக்கெட்! ஃபைனல் வரைக்கும் வந்துராதம்மா" என்று கொஞ்சினீர்கள்.

ஒன்பதையும் பார்த்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பந்து விடாமல். என் கண்ணெதிரில்தான் அத்தனை ஸ்டம்பும் எகிறின. இனி அடி வாங்கும் நாளில் யாரைக் காரணம் சொல்வீர்கள்?

சொந்தக் கையால் எடுத்த விக்கெட்டையே தன்னுடையது என்று நம்பாதவரோடு என்னால் குடித்தனம் நடத்த முடியாது. அழைத்துப்போக வர வேண்டாம். கோப்பையோடு வந்தாலும் கதவைத் திறக்காதீங்க என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மணப்பாறை வீட்டுப் பெண்