கீழே இறங்கிய அணி

அன்புள்ள பெனிட்டா,

இங்கே குளிரைத் தவிர எல்லாம் சுகம். உனக்கும் பாப்பாவுக்கும் சளி விட்டதா?

ஐஸ் ஹாக்கிப் போட்டி முடிந்தது. ஆறு நாடுகளில் முதலாவது வந்தவர்கள் மேல் பிரிவுக்கு ஏறுவார்கள்; கடைசியாக வந்தவர்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். இந்த நாட்டு அணிதான் கடைசி. அவர்களுடைய கோல்கீப்பர் ஐஸிலேயே உட்கார்ந்துவிட்டார். வயலில் பரம்படிப்பதுபோல ஐஸை மட்டமாக்கும் வண்டியோடு நான் காத்து நின்றேன்.

"ஏலே, அங்கன மட்டும் விட்டுட்டு ஓட்டு" என்றான், கூட வேலைபார்க்கும் கோம்பை நாகராஜ். அப்படியே அவரை விட்டுச் சுற்றிச்சுற்றி ஓட்டினேன். அப்போது அவருடைய சின்ன மகள் வழுக்கி வழுக்கி வந்து கையை நீட்டினாள். எழுந்துவிட்டார்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பாப்பாவின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு. ஷூ வாங்கத்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

உன்
சகாய பிரவீன்