சொல்லி முடிக்கும்வரை

கொடைக்கானல்
12.7.1981

அன்புள்ள லீமாவுக்கு,

ஆண்டவர் துணையால் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தையின் முட்டுவலி எப்படியிருக்கிறது? இங்கே மழை விடவில்லை. ஹாஸ்டல் சமையல் வேலையில் என் பாடு நடக்கிறது.

மூன்று மாதமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று எழுதியிருந்தேனே. இங்குள்ள டிஸ்பென்சரிக்கு நான்கு தடவை போனேன். "குளிருக்கு அப்படித்தாங்க இருக்கும்" என்று சத்து மாத்திரை கொடுத்தே அனுப்பினார்கள். போன செவ்வாய் வெள்ளனே பஸ் ஏறி, மதுரையில் மனநோய் டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். "குடிப்பீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் சீட்டு எழுதி நீட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தார். நான் எழுந்திருக்கவில்லை.

"ஐயா, நான் இன்னும் சொல்லி முடிக்கலைங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடிவைத்தார். "சரி, சொல்லுங்க."

குழம்பு கொதிக்கும்போது கரண்டியைத் தொடக்கூடத் தெம்பில்லாமல் நிற்பதைச் சொன்னேன். செத்துப்போகலாம் என்று இரண்டு முறை தோன்றியதையும் சொன்னேன். பயந்துவிடாதே, வாய்விட்டுச் சொன்னபிறகு கொஞ்சம் இலேசாயிருக்கிறது.

"இது சோம்பேறித்தனம் இல்லைங்க, வியாதி. குணமாகும்" என்றார். பழைய சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். மாத்திரை வேலைசெய்ய மூன்று வாரமாகுமாம். வாய்தான் உலர்ந்துபோகிறது.

இருபத்தெட்டாம் தேதி மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். நீயும் மதுரைக்கு வா, கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்துக்கொள். டாக்டரிடம் நீ ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். பால் பொங்குகிறது, நிறுத்துகிறேன்.

உன்
அடைக்கலராஜ்