முதலில் என்னிடம்

அன்பானவருக்கு,

நேரில் பேசினால் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் இதைச் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன்.

நீங்கள் ஓட்டிய வண்டி சறுக்கி, பின்னால் உட்கார்ந்திருந்த வீரபாண்டியன் கால் ஒடிந்து படுத்து இரண்டு மாதமாகிறது. அன்றிலிருந்து அவர் மனைவி சத்தியாவுக்குத் தண்ணீர் தூக்குகிறீர்கள், சிலிண்டர் மாற்றுகிறீர்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. நேற்று சந்தையில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனசு உறுத்தியது. தப்புச் செய்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஆட்டுக்கால் சூப் வைத்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணன் எல்லாம் செய்றாக அக்கா. ஆனா இவுக படுத்திருக்க ரூமுக்குள்ள ஒரு தடவகூட எட்டிப் பாக்கல. இவுக வாசலையே பாத்துக்கிட்டு இருக்காக" என்று அழுதாள்.

எனக்கு அதிசயமாக இல்லை. நம் பிள்ளை வயிற்றிலேயே போன அன்று நீங்கள் சிவகங்கையில் இருந்தீர்கள். எட்டுத் தடவை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு என் முகத்தையும் பார்ப்பதில்லை. அவளுக்காவது தண்ணீர் தூக்குகிறீர்கள். எனக்கு அதுவும் இல்லை.

வீரபாண்டியனிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். ஆனால் முதலில் என்னிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அந்த ஒன்றாவது அந்த வீட்டுக்குக் கிடைப்பதற்கு முன்னால் எனக்குக் கிடைக்கட்டும்.

சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி